மணிக்கு 496 கிலோமீற்றர்: சூப்பர் கார்களின் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

2025 செப்டெம்பரில் ஜேர்மனியின் பாப்பன்பேர்க் சோதனைத் தளத்தில் ஒரு சீன மின்சாரக் கார் மணிக்கு 496.22 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. பி.வை.டி. குழுமத்தின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம்தான் அந்தக் கார். காணொளி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு இளைஞர்களின் போன்களுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே இரண்டு கேள்விகளும் வந்தன. இது உண்மையா? அப்படியென்றால் பிரான்சின் அதிவேகக் கார் நிறுவனமான புகாட்டி இனி இரண்டாம் இடமா?

ஆம், இல்லை என்று இவற்றுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டால், அடுத்த சாதனை அறிவிப்பு வரும்போது அதை நீங்களே எடைபோடலாம்.

ஒரே காருக்கு மூன்று வேகங்கள்

ஒரு சூப்பர் காரின் உச்ச வேகம் என்று செய்திகளில் வருவது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. அறிமுக விழாவில் சொல்லப்படும் இலக்கு. கார் இன்னும் வடிவமைப்பில்தான் இருக்கும்.
2. சோதனை ஓட்டத்தில் அளக்கப்பட்ட வேகம். பெரும்பாலும் தனியாகத் தயார்செய்த ஒரு கார், ஒரே ஒரு நாள்.
3. காசு கொடுத்து வாங்கியவர் கையில் கிடைக்கும் காரின் வேகம்.

விளம்பரத்தில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எவ்வளவு தூரம் விழலாம் என்பதற்கு ஜகுவார் எக்ஸ்.ஜே.220 நல்ல உதாரணம். 1988இல் பேர்மிங்ஹாம் கண்காட்சியில் வைத்தபோது 12 சிலிண்டர் எஞ்சின், நான்கு சில்லு இழுவை, மணிக்கு 220 மைல் என்றார்கள். காரின் பெயரிலேயே அந்த 220 இருக்கிறது. 1992இல் வந்த காரில் இருந்தது 6 சிலிண்டர் டேர்போ எஞ்சின். பின் சில்லுகளுக்கு மட்டும் இழுவை. இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் பந்தய ஓட்டுநர் மார்ட்டின் பிரண்டில் அதை ஓட்டி 217.1 மைலைத் தொட்டார், அதாவது ஏறத்தாழ 349 கிலோமீற்றர். அதற்கும் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றியைக் கழற்றி, எஞ்சின் சுழற்சி வரம்பையும் கூட்ட வேண்டியிருந்தது. முற்பணம் கட்டிய சிலர் நீதிமன்றம் வரை போனார்கள்.

400க்குப் பிறகு காற்றுதான் எதிரி

மணிக்கு 100 கிலோமீற்றருக்குக் கீழே சில்லுகளின் உராய்வும் காரின் எடையும் பெரிய விடயம். வேகம் கூடக்கூட வளித்தடை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வளித்தடை விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் வலு எட்டு மடங்கு. குளத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடக்கலாம், ஓட வெளிக்கிட்டால் பத்தடியில் மூச்சு வாங்கும், அதே கதைதான்.

இந்த ஒரு விதியை வைத்தே தயாரிப்பாளர்களின் எண்களைச் சோதித்துப் பார்க்கலாம். புகாட்டி வேய்ரோன் 2005இல் 1001 குதிரைவலுவோடு 408 கிலோமீற்றர் ஓடியது. 2010இல் வந்த வேய்ரோன் சூப்பர் ஸ்போர்ட்டுக்கு 1200 குதிரைவலு. வலு 1.2 மடங்கு. 1.2இன் கன மூலம் 1.063. 408ஐ அதனால் பெருக்கினால் 434 வருகிறது. உண்மையில் அது ஓடியது 431. சுவீடனின் கொனிக்செக் அகேரா ஆர்.எஸ்.இன் 1360 குதிரைவலுவுக்கு இதே கணக்குப் போட்டால் 452 வரும். 2017இல் அளக்கப்பட்டது 447. இரண்டு கார்களின் வடிவமும் வேறு என்பதைக் கணக்கில் எடுத்தால் இது மிக நெருக்கமான பொருத்தம்.

ஆக, பெரிய தயாரிப்பாளர்கள் சொல்லும் வலுவும் வேகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. அவர்கள் எண்களைக் காற்றிலிருந்து பிடுங்குவதில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு இடத்தை.

சாதனை படைத்த கார் வேறு, விற்ற கார் வேறு

அதே வேய்ரோன் சூப்பர் ஸ்போர்ட்டை எடுங்கள். 431 கிலோமீற்றர் ஓடியது உண்மை. ஆனால் வாங்கியவர்களுக்குக் கொடுத்த கார்கள் 415இல் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. காரணம் ரயர். அந்த வேகத்தில் ரயர் வெடித்தால் ஓட்டுபவர் உயிரோடு வெளியே வருவது கடினம். விற்கும் காரும் சாதனைக் காரும் ஒன்றில்லை என்ற காரணத்தால் 2013இல் கின்னஸ் அமைப்பு அந்தச் சாதனையைச் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. பிறகு, வேக வரம்பு காரின் அடிப்படை வடிவமைப்பை மாற்றுவதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது. என் பார்வையில் முதல் முடிவுதான் வாங்குபவருக்கு நியாயமானது.

இந்த இடைவெளி அதன் பிறகு இன்னும் பெருத்தது. 2019 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜேர்மனியின் ஏரா-லேசியன் சோதனைப் பாதையில் ஆண்டி வொலஸ் ஓட்டிய புகாட்டி சிரோன் 490.484 கிலோமீற்றரைத் தொட்டது. அந்தச் சாதனையின் பெயரில் விற்கப்பட்ட சிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ காருக்கு வரம்பு 440. பெயரிலுள்ள 300, மைல் கணக்கு. ஆனால் 440 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழ 273 மைல்தான். குரோஷியாவின் மின்சார ரிமாக் நெவேரா 2022இல் 412 ஓடியது; வாங்குபவரிடம் 352 வரம்போடு வருகிறது. 412ஐப் பார்க்க விரும்பினால் நிறுவனத்தின் ஆட்களை வைத்துக்கொண்டு, அதற்கென ஒழுங்குசெய்த இடத்தில் பார்க்க வேண்டும்.

இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். வரம்பு எவ்வளவு என்பதை நிறுவனங்கள் மறைப்பதில்லை. ஆனால் தலைப்பில் பெரிய எண்ணும் விவரத்தாளில் சின்ன எண்ணும் போவது தற்செயலாக நடப்பதில்லை.

ஒரு பக்கம் ஓடினால் போதுமா?

வேகச் சாதனைகளுக்கு நீண்டகால வழக்கம் ஒன்று உண்டு. ஒரே பாதையில் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை ஓடி, சராசரி எடுக்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளினாலோ பாதையில் இலேசான சரிவு இருந்தாலோ, திரும்பி வரும்போது அது எதிராக வேலை செய்யும். சராசரியில் இரண்டும் கழிந்துபோகும்.

அகேரா ஆர்.எஸ்.இன் 447 இரு திசைச் சராசரி. அதிலும் அது ஒரு வாடிக்கையாளருக்குச் சொந்தமான கார். அந்த எண்ணை நான் உயர்வாக மதிப்பது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான். 2014இல் அமெரிக்காவின் ஹெனெஸி வெனம் ஜி.டி. கென்னடி விண்வெளி மையத்தின் ஓடுபாதையில் 435.31 ஓடியது, ஒரு திசையில் மட்டும். புகாட்டியின் 490உம் ஒரு திசை. யாங்வாங்கின் 496உம் ஒரு திசை.

தொடக்கக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லலாம். 496.22 என்பது அளக்கப்பட்ட வேகம். ஒரு திசையில், அதற்கென உருவாக்கிய, 30க்கு மேல் தயாரிக்கமாட்டோம் என்று நிறுவனமே சொன்ன ஒரு பதிப்பில். புகாட்டியின் 490ஐ அது முந்தியது, ஏனென்றால் இரண்டும் ஒரே வகை அளவீடு. அகேராவின் 447ஓடு அதை நேராக ஒப்பிடக்கூடாது.

பிடிபட்ட எண்

உண்மையாகவே தவறிப்போன ஓர் எண்ணும் உண்டு. இந்தக் கட்டுரையில் மிகவும் பயனுள்ள கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

2020 ஒக்டோபரில் அமெரிக்காவின் எஸ்.எஸ்.சி. நிறுவனம் தன் டுவாடாரா கார் இரு திசைச் சராசரியாக மணிக்கு 316.11 மைல் ஓடியது என்று அறிவித்தது. 508 கிலோமீற்றருக்கும் மேல். ஓடிய இடம் நெவாடா மாநிலத்தின் 160ஆம் இலக்க நெடுஞ்சாலை. மூன்று வருடத்துக்கு முன் அகேரா ஆர்.எஸ். ஓடியதும் அதே வீதி.

அந்த வீதியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. யூரியூப்பில் கார்களைப் பற்றிப் பேசும் சிலர் டுவாடாராவின் காணொளியை எடுத்து, வீதியோரத்து அடையாளங்கள் இரண்டுக்கு இடையிலான தூரத்தைச் செய்மதி வரைபடத்தில் அளந்தார்கள். அந்தத் தூரத்தைக் கார் கடக்க எடுத்த நேரம் காணொளியிலேயே இருந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். வந்த விடை திரையில் காட்டிய வேகத்தைவிட மிகக் குறைவு. அளவுக் கருவி தந்த டெவெட்ரொன் நிறுவனம், அந்தத் தரவைத் தான் சரிபார்க்கவில்லை என்று அறிவித்தது. 2021 ஜனவரியில் கென்னடி ஓடுபாதையில் மறுபடி ஓடியபோது இரு திசைச் சராசரி 282.9 மைல், அதாவது 455 கிலோமீற்றர். அதே ஆண்டு யூலையில், முதல் ஓட்டத்தில் 300 மைலை எட்டவில்லை என்று எஸ்.எஸ்.சி. ஒப்புக்கொண்டது. 455உம் சாதாரண வேகம் இல்லை. ஆனால் 508க்கும் 455க்கும் இடையில் ஒரு நிறுவனத்தின் நம்பகத்தன்மை போய்விட்டது.

அந்த யூரியூப்காரர்கள் செய்த கணக்கை ஏ9 வீதியில் யாரும் செய்து பார்க்கலாம். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வீதி நேராக ஓடும் இடத்தில், ஓட்டுபவர் ஒரே வேகத்தில் போக, பக்கத்தில் இருப்பவர் ஒரு கிலோமீற்றர் கல்லைக் கடக்கும்போது போனிலுள்ள நிறுத்தற்கடிகாரத்தை அமத்தி, அடுத்த கல்லில் நிறுத்தட்டும். 3600ஐ அந்தச் செக்கன்களால் வகுத்தால் உண்மையான வேகம். 60 செக்கன் என்றால் மணிக்கு 60. வேகமானி 70 காட்டும்போது 54 செக்கன் எடுத்தால், நீங்கள் ஓடியது 66.7தான்.

வேகமானி பழுது என்று பயப்பட வேண்டாம். ஐ.நா.வின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிப்படி வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதன்மேல் 4 கிலோமீற்றரும் வரை. உண்மையாக 300இல் போகும் கார் 334 வரை காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். ஆகவே வேகமானியைப் படம்பிடித்துப் போடும் காணொளியை ஆதாரமாக எடுக்கவே முடியாது. ஜி.பி.எஸ். அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

0 முதல் 100 வரை: கால் செக்கன் எங்கே போகிறது

ஆர்முடுகல் எண்களில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. 0–60 என்று வந்தால் அது மைல். 60 மைல் என்பது 96.6 கிலோமீற்றர். மீதி 3.4 கிலோமீற்றருக்கு ஒரு சூப்பர் காருக்குக்கூட பத்தில் ஒரு செக்கன் அளவு வேண்டும்.

2. அமெரிக்கச் சோதனைகளில் கார் அசைந்த கணத்திலிருந்து நேரம் எடுப்பதில்லை. முதல் ஓரடியைக் கடந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். நேர்ப்பாதையில் ஓடும் இழுவைப் பந்தயத் தளங்களின் ஒளிக்கதிர் அமைப்பிலிருந்து வந்த பழக்கம் இது. ஓரடிதானே என்று நினைக்கலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கார் அந்த ஓரடிக்கு ஏறத்தாழ கால் செக்கன் எடுக்கும். கடிகாரம் தொடங்கும்போது அது ஏற்கெனவே மணிக்கு 8, 9 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்கும். முதலாவதையும் இதையும் சேர்த்தால், 2.3 செக்கன் என்று விளம்பரம் செய்யப்படும் கார் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றரைத் தொட 2.6 செக்கனுக்கும் மேல் எடுக்கலாம். இரண்டு எண்ணும் உண்மை.

3. தளம். டெஸ்லா மொடல் எஸ் பிளெய்ட் 60 மைலைத் தொடச் சொன்ன 1.99 செக்கன், ஓரடியைக் கழித்த கணக்கு. மோட்டார் ட்ரெண்ட் சஞ்சிகை அதைப் பசை தெளித்த பந்தயத் தளத்தில் 1.98 என்றும், வழமையான தார்த் தளத்தில் 2.07 என்றும் அளந்தது. பற்றரியைச் சூடாக்கி ஆயத்தம் செய்வதும் இதில் அடங்கும்.

மறுபக்கம், குறைத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். போர்ஷே 911 டேர்போ எஸ் 60 மைலை 2.6 செக்கனில் தொடும் என்றது நிறுவனம். கார் அண்ட் டிரைவர் சஞ்சிகை 2020இல் அளந்தது 2.2. ஓரடிக் கணக்கைத் திருப்பிச் சேர்த்தாலும் சொன்னதைவிட அது வேகம்தான். ஜப்பானில் 1989 முதல் 2004 வரை எந்தக் காரும் 280 குதிரைவலுவைத் தாண்டாது என்று நிறுவனங்கள் தமக்குள் உடன்பட்டிருந்தன. நிசான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் தாளில் 280தான், எஞ்சினில் அதைவிடத் தாராளம்.

கூட்டிச் சொல்லி மாட்டியவை பெரும்பாலும் சூப்பர் கார்கள் அல்ல. அமெரிக்காவில் 2001 மஸ்டா எம்.எக்ஸ்-5க்கு 155 குதிரைவலு என்று சொல்லி 142தான் வந்தபோது, நிறுவனமே கார்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள முன்வந்தது. 1999 ஃபோர்ட் மஸ்டாங் கோப்ராவும் சொன்ன 320ஐ எட்டாமல், விற்ற கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று.

ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதைச் சுற்று நேரங்களைப் பற்றி ஒரு வரி போதும். 20.6 கிலோமீற்றரா, முழு 20.832 கிலோமீற்றரா என்று கேளுங்கள். 2021இல் ஒரு போர்ஷே 911 ஜி.டி2 ஆர்.எஸ். ஒரே ஓட்டத்தில் முதலாவதுக்கு 6 நிமிடம் 38.8 செக்கனும் இரண்டாவதுக்கு 6 நிமிடம் 43.3 செக்கனும் எடுத்தது.

அதே காரை வன்னிக்குக் கொண்டுவந்தால்

முதலில் வெப்பம். எஞ்சின் வலுவை அமெரிக்க முறைப்படி அளக்கும்போது 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குச் சரிசெய்து எழுதுகிறார்கள். ஆடி, ஆவணியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பகலில் 35 பாகை வரை போகும். காற்று ஏறத்தாழ 3 சதவீதம் ஐதாகும். டேர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். டேர்போ எஞ்சின் காற்றை அமுக்கி ஈடுசெய்யும், ஆனால் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பகுதி சூடேறச் சூடேற அதுவும் பின்வாங்கும். நல்ல பக்கமும் உண்டு: ஐதான காற்றில் வளித்தடையும் அதே 3 சதவீதம் குறையும். எனவே உச்ச வேகம் பெரிதாக விழாது, ஆர்முடுகலில்தான் வித்தியாசம் தெரியும். கடல் மட்டத்துக்குக் கிட்ட இருப்பதால், நுவரெலியாவில் போல உயரத்தால் வரும் இழப்பு இங்கே கிடையாது.

எரிபொருள் இதைவிடப் பெரிய தடை. கொனிக்செக் ஜெஸ்கோவுக்கு 1600 குதிரைவலு என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஈ85 என்ற, பெரும்பகுதி எதனோல் கலந்த எரிபொருளில். சாதாரண பெற்றோலில் 1280. இலங்கை எரிபொருள் நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்டேன் பெற்றோல். 320 குதிரைவலு அங்கேயே போய்விடுகிறது.

அப்புறம் வீதி. புகாட்டி சிரோன் 2017இல் நின்ற இடத்திலிருந்து 400ஐத் தொட்டு மறுபடி நிற்க 41.96 செக்கனும் 3,112 மீற்றரும் எடுத்தது. ஏ9இல் மூன்று கிலோமீற்றர் கற்களைத் தாண்டும் தூரம் அது. இடையில் ஒரு மாடு, ஒரு சைக்கிள், ஒரு லான்ட்மாஸ்டர்கூட வரக்கூடாது. வன்னியில் அதிவேகப் பாதை இல்லை. ஊர்மனைக்கு வெளியே கார்களுக்குச் சட்டப்படி 70தான் உச்சம். இந்த எண்கள் காணொளியில் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. முழங்காவில் பக்கம் ஆளில்லாத நேர் வீதியிலும் அவற்றைத் தேடக்கூடாது.

வன்னியில் உண்மையில் வாங்கும் வாகனங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஜப்பானியச் சிறிய கார்களும் சீன மின்சாரக் கார்களும் வருகின்றன. விற்பனை நிலையத்தில் சொல்லும் எண்களும் இதே வகைதான்.

ஜப்பானியச் சிறிய கார்களின் எரிபொருள் எண்ணைக் கேட்கும்போது அது எந்தச் சோதனை முறையில் வந்தது என்று கேளுங்கள். பழைய 10-15 முறை, 2011இல் வந்த ஜே.சி.08, 2018 முதலான டபிள்யூ.எல்.ரி.சி. என்று மூன்று உண்டு; புதியது நாளாந்த ஓட்டத்துக்குக் கிட்ட வரும், பழையது கூட்டியே காட்டும். முறை சரியாக இருந்தாலும் தரவு பிழையாக இருக்கலாம்: 2016இல் மிட்சுபிசி, நிசானின் பெயரில் விற்கப்பட்டவையும் சேர்த்து 6 இலட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்களின் எரிபொருள் சோதனைத் தரவைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. அந்த வரிசையைச் சேர்ந்த மாதிரிகளின் பெயர் ஈ.கே. வேகன், ஈ.கே. ஸ்பேஸ், டேய்ஸ், டேய்ஸ் ரூக்ஸ். பாவித்த கார் தேடுபவர்கள் உற்பத்தி ஆண்டோடு சேர்த்து இதையும் பார்க்க வேண்டும்.

மின்சாரக் காரில் தூர எண் சீனாவின் சி.எல்.ரி.சி. முறைப்படியா, ஐரோப்பாவும் பாவிக்கும் டபிள்யூ.எல்.ரி.பி. முறைப்படியா என்பது முக்கியம். ஒரே காருக்கு முதலாவது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீற்றர்; குளிரூட்டியும் முழுநேரம் ஓடும். சி.எல்.ரி.சி. முறையில் 300 என்று எழுதிய காரில், திரும்பி வரும் வழியில் எங்கே மின்னேற்றுவது என்பதையும் முதலே யோசித்துவைத்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.